உறையின் பின்பக்கக் கணக்கு

என் தாய்மாமாவை அவருடைய அலுவலகத்தில் ‘தசமம்’ என்று அழைப்பார்கள். காதுபடவே அழைப்பார்கள். அவரும் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டிருந்தார். யாராவது ஏழு சதவீதம் என்று சொல்லிவிட்டால், ஏழா, ஏழு புள்ளி ஒன்றா என்று கேட்காமல் அவருக்கு அடுத்த வாய் தேநீர் இறங்காது. மளிகைக் கடை ரசீதில் கூட்டல் பிழை இருந்தால் திரும்பிப் போய்ச் சொல்வார், பிழை தனக்குச் சாதகமாக இல்லாத பட்சத்தில்.

அவர் வேலை பார்த்தது ஓய்வூதிய நிதி அலுவலகம் ஒன்றின் மூன்றாவது மாடியில். அங்கே ஒரு கண்ணாடித் தடுப்பு உண்டு. பேசுவதற்காக அதில் அரைவட்டமாக ஓர் ஓட்டை, இடுப்பு உயரத்தில். எதிரே நிற்பவர் குனிந்தால்தான் சொல்வது உள்ளே கேட்கும். அதை உயரத்தில் வைக்கலாமே என்று ஒருமுறை புதிதாக வந்த மேலாளர் கேட்டாராம். குனிந்து பேசினால் ஆட்கள் சுருக்கமாகப் பேசுவார்கள் என்று மாமா பதில் சொன்னார். இதை அவரே எங்கள் வீட்டில் நகைச்சுவையாகச் சொல்லிச் சிரித்தார். அவருடைய நகைச்சுவைகள் எல்லாவற்றிலும் யாராவது ஒருவர் குனிந்துகொண்டிருப்பார்.

அந்த நிதி செய்த வேலை எளிமையானது. தொழிலாளிகளின் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் பணத்தை வாங்கி, பங்குச் சந்தைக் குறியீட்டில் எந்தெந்த நிறுவனங்கள் எந்த அளவில் இருக்கின்றனவோ, அவற்றின் பங்குகளை அதே அளவில் வாங்கிப் போட வேண்டும். அவ்வளவுதான். பரீட்சையில் அடுத்த மேசைக்காரனைப் பார்த்து எழுதுவது போன்ற வேலை. பார்த்து எழுதியும் ஒவ்வொரு வருடமும் நிதி குறியீட்டைவிடக் குறைவாகவே மதிப்பெண் வாங்கியது. ஏன் குறைந்தது என்று உறுப்பினர்களுக்கு ஒரு பக்கத்தில் விளக்கம் எழுதுவது மாமாவின் பொறுப்பு. இருபத்திரண்டு வருடங்கள் அந்த ஒரு பக்கத்தை எழுதினார்.

அதில் பொய் இருக்காது. அதுதான் அவருடைய திறமை. குறியீடு என்பது காகிதத்தில் இருக்கும் எண். அதற்கு அலுவலக வாடகை கிடையாது, குமாஸ்தா கிடையாது, பங்கு வாங்கினால் தரகு கிடையாது. விலகிப் போகிறவர்களுக்குக் கொடுப்பதற்காகக் கொஞ்சம் ரொக்கத்தை முதலீடு செய்யாமல் வைத்துக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. நிதிக்கு இவை அனைத்தும் உண்டு. குறியீட்டைக் கணக்கிடும் நேரமும் நிதியின் மதிப்பைக் கணக்கிடும் நேரமும் வேறு என்பதால் அதிலும் ஒரு துளி வித்தியாசம் வரும். எல்லாம் உண்மை. ஆனால் மாமாவின் கடிதத்தில் அந்த ஒரு துளிக்குப் பதினோரு வரிகள் கிடைக்கும். வித்தியாசத்தில் பெரும்பகுதியை விழுங்கிய நிர்வாகக் கட்டணத்துக்கு அரை வரி, அதுவும் கடைசியில், ‘மேலும்’ என்ற சொல்லுக்குப் பின்னால்.

இன்னொரு சாமர்த்தியமும் இருந்தது. நிறுவனங்கள் பங்குதாரர்களுக்கு இலாபத்தில் ஒரு பகுதியைப் பிரித்துத் தரும். அதைச் சேர்த்துக் கணக்கிடும் குறியீடு ஒன்று, சேர்க்காமல் கணக்கிடும் குறியீடு ஒன்று. சேர்த்தால் வருடத்துக்கு எட்டு, சேர்க்காவிட்டால் ஏழு புள்ளி மூன்று. நிதி கொடுத்தது ஏழு புள்ளி ஒன்று. மாமா கடிதத்தில் சின்னக் குறியீட்டையே பக்கத்தில் நிறுத்துவார். குள்ளனுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வது போல. வித்தியாசம் வெறும் பூஜ்யம் புள்ளி இரண்டு! பலரும் அதைப் படித்து, பரவாயில்லை என்று மடித்து வைத்தார்கள்.

இந்தக் கடிதத்தைவிட அவர் பெருமைப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. அது ‘கட்டு முறை’. தொழிலாளிகள் மாதாமாதம் பிடித்தத்துக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்ட தாள்கள் ஒவ்வொரு பணியிடத்திலிருந்தும் கட்டாக வரும். முன்பெல்லாம் ஒரு தாளில் கையெழுத்து சரியில்லை என்றால் அதை மட்டும் உருவி வைத்துவிட்டு, மற்றவர்களின் பணத்துக்குப் பங்கு வாங்கிவிடுவார்கள். அதில் எப்போதோ ஒருமுறை கணக்கு இடித்தது. அப்போது முப்பத்து நான்கு வயதுக் குமாஸ்தாவாக இருந்த மாமா புது விதி ஒன்றை எழுதிக் கொடுத்தார். ஒரு தாள் பிழையானாலும் கட்டு முழுவதும் திரும்பிப் போக வேண்டும். பிழை சரியாகி வரும்வரை அந்தக் கட்டில் உள்ள எவருடைய பணமும் நகரக் கூடாது. சம்பளத்தில் பிடித்த பணம் அதுவரை வட்டியில்லாக் காத்திருப்புக் கணக்கில் கிடக்கும். கட்டு வந்த நாள், திரும்பிய நாள், கடைசியில் நகர்ந்த நாள் எல்லாவற்றையும் முத்திரை குத்திப் பதிய வேண்டும்.

அதன் பிறகு அலுவலகத்தில் கணக்கு இடிக்கவே இல்லை. மாமாவுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். அந்த இடத்தில் முன்பு அத்தையின் அப்பா அம்மா படம் இருந்தது. அது சமையலறைக் கதவுக்குப் பின்னால் போனது. கதவைத் திறந்து வைத்தால் அவர்கள் முகம் தெரியாது.

என் அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தார். அந்த நிதியில் சேரச் சொன்னவர் மாமாதான். ‘என் பணமும் அதிலதாம்மா கெடக்கு. உனக்கு வேற எனக்கு வேறயா?’ என்றாராம். அம்மாவுக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. வருடாவருடம் வந்த விளக்கக் கடிதங்களை அவர் படித்ததில்லை. அண்ணன் எழுதிய கடிதம் என்று தகரப் பெட்டியில் பத்திரப்படுத்தினார்.

நாங்கள் குடியிருந்தது நான்காவது மாடியில். எழுபத்தெட்டுப் படிகள். லிப்ட் கிடையாது. இருபத்தாறு வருடம் ஈரத் தரையில் நின்ற முழங்கால்கள் அம்மாவுக்கு. வேலையின் கடைசி வருடத்தில் அவர் படியேறுவது ஒரு தனி வேலையாகிவிட்டது. ஒவ்வொரு தளத்திலும் ஒரு நாற்காலி போட்டு வைக்கலாம் என்று கீழ்வீட்டுக்காரர் சொன்னார். அம்மா சிரித்தார். மறுநாள் முதல் காய்கறி வாங்க இறங்குவதை வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் இரண்டு தெரு தள்ளி ஒரு தரைத்தள வீடு விலைக்கு வந்தது. ஓர் அறை, ஒரு சமையலறை, வாசலில் ஒரே ஒரு படி. விலை பதினெட்டு லட்சம். முன்பணம் இரண்டு லட்சம் கொடுத்துவிட்டால் மீதிப் பதினாறுக்கு நாற்பது நாள் அவகாசம். நாள் தவறினால் முன்பணம் போய்விடும். அம்மாவிடம் கையில் இருந்ததே அந்த இரண்டு லட்சம்தான். அந்த மாதம் ஓய்வுபெறும்போது நிதியிலிருந்து பதினாறு வருமா என்பதுதான் கேள்வி.

மாமாவைக் கூப்பிட்டார். வந்தார். எழுபத்தெட்டுப் படிகளில் ஐம்பதாவது படியிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது என்பதை இங்கே மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறேன். உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். மின்கட்டண உறை ஒன்றை எடுத்து, விரலை நாக்கில் நனைத்து அதைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினார். அவருக்கு எதைப் புரட்டினாலும் விரலை நாக்கில் வைக்க வேண்டும். ஒற்றைத் தாளாக இருந்தாலும்.

பதினாறு லட்சத்து நாற்பதாயிரம் என்று எழுதி இரண்டு கோடு இழுத்தார்.

‘தாராளமா வாங்கு. நாற்பதாயிரம் மிஞ்சும். ஒரு கட்டில் வாங்கிக்க’ என்றார்.

அம்மா அந்த உறையை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். அந்த முகத்தை மாமா பார்த்துக்கொண்டே இருந்தார். வாழ்நாளில் ஒரு தடவையாவது தன்னுடைய எண்ணைக் கேட்டு ஒருவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கும் இருந்திருக்கலாம். அந்த ஆசையை நான் மன்னித்திருப்பேன், செலவு அவருடையதாக இருந்திருந்தால்.

மறுநாள் அம்மா முன்பணத்தைக் கொடுத்தார்.

பன்னிரண்டு நாள் கழித்து நிதி அலுவலகத்திலிருந்து இறுதிக் கணக்குத் தாள் வந்தது. பதின்மூன்று லட்சத்து எழுபதாயிரம். நான் இருமுறை வாசித்துக் காட்டினேன். மூன்றாவது முறை அம்மா வேண்டாம் என்று கையமர்த்தினார். இரண்டு லட்சத்து முப்பதாயிரம் குறைந்தது. நாற்பது நாளில் பன்னிரண்டு போய்விட்டது.

மாமாவின் உறைக் கணக்கை நான் பிரித்துப் பார்த்தேன். ஐந்து நிமிட வேலை. வருடத்துக்கு எட்டு சதவீதம் போட்டிருந்தார். பெரிய குறியீடு. கடிதத்தில் இருபத்திரண்டு வருடமாக எங்கும் தலைகாட்டாத அந்த எட்டு. நிதி வேறு, குறியீடு வேறு என்று ஊருக்கெல்லாம் எழுதியே பிழைத்த மனிதர், தங்கையின் வீட்டுக்குக் குறியீட்டை வைத்துக் கணக்குப் போட்டிருந்தார். ஏட்டுச் சுரைக்காயைக் காட்டி அடுப்பு மூட்டச் சொன்ன கதை. கட்டணம் கிடையாது, தரகு கிடையாது, ரொக்கம் கிடையாது. ‘மேலும்’ கூட கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனோம். அத்தை கதவைத் திறந்தார். மாமா சான்றிதழுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அம்மா கணக்குத் தாளை மேசையில் வைத்து, பக்கத்தில் உறையையும் வைத்தார். மாமா உறையைப் பார்த்ததும் அதைத் தெரியாத ஆள் போல ஓரமாக நகர்த்தினார்.

பிறகு விளக்கத் தொடங்கினார். முக்கால் மணி நேரம். குறியீட்டைக் கணக்கிடும் நேரத்திலிருந்து ஆரம்பித்தார். அந்தப் பதினோரு வரிகளும் வாயிலிருந்து வரும்போது இன்னும் நீளமாக இருந்தன. தரகு, ரொக்கம், பட்டியலில் நிறுவனங்கள் மாறும்போது விற்று வாங்கும் செலவு என்று ஒவ்வொன்றாக வந்தது. தங்கைக்குப் புரியாது என்ற நம்பிக்கை அவர் குரலில் தெளிவாகத் தெரிந்தது. ஒவ்வொன்றையும் முடிக்கும்போது, ‘இதெல்லாம் உனக்குக் கொஞ்சம் கஷ்டம்’ என்று சேர்த்துக்கொண்டார்.

‘இதுல என்ன கஷ்டம்?’ என்றார் அம்மா. ‘வார்டுலேர்ந்து சீட்டுல நூறு விரிப்புன்னு எழுதி அனுப்புவாங்க. திருப்பி அடுக்கும்போது தொண்ணூத்தி நாலுதான் இருக்கும். கிழிஞ்சது, கறை போகாதது, எவனோ எடுத்துட்டுப் போனது. சீட்டுல இருக்குற விரிப்பு கிழியவே கிழியாது. அதானே உன் குறியீடு?’

அத்தை வாயை முந்தானையால் மூடிக்கொண்டார். மாமா இதைவிட நன்றாக இருபத்திரண்டு வருடத்தில் ஒரு முறையும் எழுதியதில்லை என்பது அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். முகம் சற்று இறுகியது.

‘சரி, நூறு தொண்ணூத்தி நாலு ஆகும்னு தெரிஞ்ச ஆளு, எனக்கு ஏன் நூறுன்னு எழுதிக் குடுத்தே?’

மாமா அது ஒரு தோராயம் என்றார். ‘தோராயம்’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அத்தைக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அவர் நிமிர்ந்து கணவரைப் பார்த்தார்.

பிறகு மாமா தன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். ‘எனக்கும் இதே கதிதாம்மா. என் பணமும் அதே நிதியிலதானே கெடக்கு.’

‘அப்ப உன் தாளைக் காட்டு’ என்றார் அம்மா.

மாமா அதைத் தேட வேண்டும் என்றார். தேட வேண்டியதில்லை, அலமாரியின் இரண்டாவது தட்டில்தான் இருக்கிறது என்று அத்தை எழுந்து போய் எடுத்து வந்தார். அந்த வீட்டில் முப்பது வருடமாக எல்லாப் பொருளுக்கும் தட்டு எண் உண்டு. அந்த ஒழுங்கை மாமாதான் ஏற்படுத்தினார். அதற்கு அவர் செலுத்திய கட்டணம் இது.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சம்பளத்தில் பிடித்த நாளிலிருந்து கணக்கிட்ட வருட வருமானம், மாமாவுக்கு ஏழு புள்ளி ஒன்று. அம்மாவுக்கு ஆறு புள்ளி ஏழு. ஒரே நிதி. ஒரே கட்டணம். ஒரே தரகு, ஒரே ரொக்கம். ஒரே கடிகாரம்.

‘புள்ளி நாலு எங்க போச்சு மாமா?’ என்று கேட்டேன். அன்று நான் பேசியது அது ஒன்றுதான்.

அவர் விரலை நாக்கில் நனைத்துத் தாளைப் புரட்டினார். திரும்பப் புரட்டினார். பதில் அந்தத் தாளிலேயே ஒரு பத்தியில் இருந்தது. பங்கு வாங்கிய தேதி. மாமாவின் தாளில் ஒவ்வொரு மாதமும் மூன்றாம் தேதி, மூன்றாம் தேதி, மூன்றாம் தேதி என்று இறங்கியது. அலுவலகத்துக்காரர்களின் கட்டு அது. குளிர்ந்த அறை, உலர்ந்த விரல், நல்ல பேனா. அம்மாவின் தாளில் தை மாதச் சம்பளத்தில் பிடித்தது ஆடியில் வாங்கப்பட்டிருந்தது. ஒரு முறை பதினோரு மாதம். சந்தை ஒரே ஓட்டமாக ஏறிய வருடம் ஒன்றில் ஏறக்குறைய முழு வருடமும் சலவைக்கூடத்துப் பணம் வாசலிலேயே நின்றிருந்தது.

அம்மா நீண்ட நேரம் அந்தத் தேதிகளைப் பார்த்தார். எழுத்தைவிட எண் அவருக்கு நன்றாகப் படிக்க வரும்.

‘கையெழுத்துத் தெளிவில்லை’ என்றார்.

‘என்னது?’ என்றார் மாமா.

‘அப்படித்தான் முத்திரை குத்தி வரும். மாசாமாசம். சாயங்காலம் வேலை முடியுறப்ப கட்டைக் கொண்டுவந்து நீட்டுவாங்க. எங்க கையெல்லாம் ஊறிப்போயிருக்கும். தாள்ல வெச்சா மை படர்ந்துடும். பன்னெண்டு பேர்ல யாராவது ஒருத்தியோடது கலைஞ்சிடும். நெட்டையக்காவைத் திட்டுவோம், உன்னாலதான் கட்டு திரும்பிச்சுன்னு. அவ அழுவா.’ அம்மா நிறுத்தினார். ‘கட்டு திரும்பினா பணம் நிக்கும்னு எங்களுக்கு யாரும் சொல்லல. தாளு சரியில்ல போலன்னு நெனச்சோம். அந்த விதி யாரு போட்டது அண்ணே?’

அத்தை சுவரை நிமிர்ந்து பார்த்தார். சான்றிதழில் அந்தப் பெயர் அழகான எழுத்தில் எழுதியிருந்தது.

மாமா விதி என்றால் எல்லோருக்கும் பொது என்றார். சலவைக்கூடம் என்று தனியாக எதுவும் எழுதவில்லை என்றார். கை துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கலாமே என்றும் சொன்னார். அந்த அறையில் அப்போது இருந்தவர்களில் அவருக்காக வெட்கப்படாதவர் அவர் ஒருவர்தான்.

அம்மா எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ‘எந்தக் கட்டு எத்தன நாள் நின்னுதுன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. பன்னெண்டு பேருக்கும் கேக்கணும்’ என்றார்.

மாமாவுக்கு ஓய்வுபெற நான்கு மாதம் இருந்தது. விடைபெறும் கூட்டத்துக்கு அலுவலகத்தில் அரங்கம் பதிவு செய்துவிட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவர் யோசிக்கும் விதம் எங்களுக்குத் தெரியும்.

அதன்படியே ஒன்பதாம் நாள் தாளுக்குப் பதிலாகக் காசோலை வந்தது. அத்தை கொண்டுவந்தார். நான்கு மாடி ஏறி, உட்காராமல், அதை மேசையில் வைத்தார். வீட்டுக்குக் குறைந்த பணம். உறையில் எழுதியது தன் பிழை என்பதை மாமா காசாக ஒப்புக்கொண்டார், எழுத்தில் ஒப்புக்கொள்வதைவிட அது மலிவு என்பதால். பன்னிரண்டு பேருக்குக் கணக்குக் காட்டுவதற்கு ஒரு தங்கையின் வாயை அடைப்பது எவ்வளவோ சிக்கனம்.

நான் காசோலையைப் பார்த்தேன். இரண்டு லட்சத்து இருபத்தொன்பதாயிரத்து எண்ணூற்று ஐம்பது.

‘நூத்தம்பது குறையுதே அத்தை’ என்றேன்.

அத்தை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ‘பேங்க் கட்டணம் புடிச்சுக்கிட்டாரு.’

அம்மா சிரித்தார். அந்த மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தையும் கடைசியில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருடம் இந்த மனிதருடன் இருந்ததற்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதினால் எத்தனை பக்கம் வரும் என்று அத்தை கேட்டார். எத்தனை பக்கம் வந்தாலும் பெரிய காரணம் கடைசியில் அரை வரிதான் வரும் என்றார் அம்மா.

காசோலையை வாங்காமல் திருப்பி அனுப்புவார் என்று நான் எதிர்பார்த்தேன். அம்மா அப்படிப்பட்டவர் இல்லை. வாங்கினார். நூற்றைம்பதைத் தன் பணப்பையிலிருந்து போட்டு, முப்பத்தோராம் நாள் மீதியைக் கட்டினார். வீடு வந்தது. வாசலில் ஒரு படி. முதல் நாள் அந்த ஒரு படியில் அவர் ஏழெட்டு முறை ஏறி இறங்கியதைப் பார்த்தேன். எலி வளையானாலும் தனி வளை என்று சொல்லிக்கொண்டே சமையலறையைக் கழுவினார்.

வாயும் அடைபட்டது என்று மாமா நினைத்திருப்பார். அம்மா சலவைக்கூடத்துக்குப் போய்வரத் தொடங்கினார். படி இல்லாததால் இப்போது எங்கு வேண்டுமானாலும் போக முடிந்தது.

சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்ட விரிப்புகளை அடுக்கும் தட்டுகள் இரும்பு. துரு ஒட்டக்கூடாது என்று அடியில் தாள் விரித்திருப்பார்கள். என்ன தாள் கிடைக்குமோ அந்தத் தாள். திரும்பி வந்த ஒப்புதல் தாள்களைவிட அங்கே தாராளமாக வேறு எந்தத் தாளும் கிடைத்ததில்லை. அம்மாவும் நெட்டையக்காவும் இரண்டு நாள் உட்கார்ந்து தட்டுத்தட்டாக உரித்தெடுத்தார்கள். பழுப்பேறியிருந்தன, ஆனால் முத்திரைகள் அழியவில்லை. வந்த நாள், திரும்பிய நாள். மாமாவின் அலுவலகத்து மை நல்ல மை. நகர்ந்த நாளுக்கு அவரவர் கணக்குத் தாளே சாட்சி. யாருடைய கையெழுத்தும் தேவைப்படவில்லை. தசமம் தன் கையாலேயே இருபத்தாறு வருடச் சாட்சியத்தைக் குத்தி அனுப்பியிருந்தார்.

பழைய தாள்களிலிருந்த தேதிகளைப் போட்டு, பணம் நின்ற நாட்களின் இழப்பைக் கேட்டு, பன்னிரண்டு பேருக்கும் கோரிக்கைத் தாள்களை நான் எழுதினேன். விடுமுறை நாளில், காலையில், எங்கள் புது வீட்டில் கையெழுத்துப் போட்டார்கள். அம்மா ஒவ்வொருவர் கையையும் துண்டால் துடைத்துவிட்டு, விசிறியின் முன்னால் காட்டச் சொல்லி, அதன் பிறகே பேனாவைக் கொடுத்தார். ‘பள்ளிக்கூடத்துல கூட இப்படிக் கை காட்டினதில்லடி’ என்றார் நெட்டையக்கா. தன் கையெழுத்து அவ்வளவு சுத்தமாக விழுந்ததை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை வருடம் தன்னால்தான் கட்டு திரும்பியது என்று நம்பியிருந்தவர்.

திங்கட்கிழமை அம்மா, நெட்டையக்கா, நான் மூவரும் மூன்றாவது மாடிக்குப் போனோம். அந்தக் கட்டடத்தில் லிப்ட் உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் மாமா இருந்தார். அவரைப் பார்த்தால் நன்றாகத் தூங்கியவர் போலவே இருந்தார். எங்களைக் கண்டதும் பின்னால் இருந்த மேலாளர் அறையை ஒருமுறை பார்த்தார்.

அம்மா குனியவில்லை. முழங்கால் அதற்கு இடம் கொடுக்காது. நின்றபடியே நூல் கட்டிய கட்டை அரைவட்ட ஓட்டை வழியாக உள்ளே தள்ளினார். பிறகு கண்ணாடியைத் தாண்டிக் கேட்கும்படி சொன்னார். அந்த அறையில் வரிசையில் இருந்த மற்றவர்களுக்கும் அது கேட்டது.

‘சலவைக்கூடத்துக் கட்டு. பன்னெண்டு தாள். சரியா இருக்கான்னு பாருங்க.’

வாழ்நாளில் அவரை அம்மா ‘ங்க’ போட்டுப் பேசியது அன்றுதான்.

மாமா நூலை அவிழ்த்தார். எதைத் தேடுகிறார் என்பது வெளியிலிருந்தே தெரிந்தது. ஒரே ஒரு கலைந்த கையெழுத்து. ஒரே ஒரு விடுபட்ட தேதி. அவருடைய விதிப்படி அது போதும், கட்டு முழுவதும் திரும்பிவிடும். நான்கு மாதம் ஓட்டிவிடலாம். முதல் தாளைப் பார்த்தார். அடுத்ததைப் புரட்டுவதற்கு விரல் தானாக வாய்க்குப் போனது.

‘நாக்குல வெக்காத அண்ணே’ என்றார் அம்மா. ‘மை கலைஞ்சிடும்.’

விரல் பாதி வழியில் நின்றது. மேலாளர் அறைக் கதவு திறந்து, யாரோ எட்டிப் பார்த்தார்கள். மாமா விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். காய்ந்த விரலால் தாள் புரட்ட அவருக்கு வரவில்லை. இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டன. பன்னிரண்டு தாள்களைப் புரட்ட அவருக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. நெட்டையக்காவின் தாளில் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பன்னிரண்டிலேயே மிகத் தெளிவான கையெழுத்து அதுதான்.

பிழையில்லாத கட்டு வந்த அன்றே முத்திரை விழுந்து மேலே நகர வேண்டும். இதுவும் அவர் எழுதிய விதிதான், இரண்டாவது பத்தியில். அதைப் பயன்படுத்தும் அவசியம் சலவைக்கூடத்துக்கு இதுவரை வந்ததில்லை.

மாமா முத்திரையை எடுத்தார். மை அட்டையில் அழுத்தினார். தேதிச் சக்கரத்தைச் சரிபார்த்தார். அந்தப் பழக்கம் மட்டும் அப்போதும் விடவில்லை. பிறகு குத்தினார், பன்னிரண்டு முறை. நெட்டையக்கா ஒவ்வொன்றையும் சத்தமாக எண்ணினார்.